கர்னல் ஆல்காட் தொடங்கிய பாடசாலை

இன்று பெசன்ட் நகர் என வழங்கும் கடற்கரைப் பிரதேசத்தில், நகரமைப்பு தோன்றுவதற்குப் பல தசாப்தங்கள் முன்பே, சமூகம் புறக்கணித்த குழந்தைகளுக்கென ஒரு கல்விப் பணி வேரூன்றியிருந்தது என்பதை நாம் நன்றியுடன் ஸ்மரிக்க வேண்டும். 1882-இல் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொணர்ந்த அமெரிக்கரான கர்னல் ஆல்காட், இலங்கையில் பௌத்தக் கல்வி மறுமலர்ச்சிக்கு உழைத்து, 1886-இல் கொழும்பில் ஆனந்தா கல்லூரிக்கு வித்திட்ட அனுபவத்தோடு, அன்று பஞ்சமர் எனப்பட்டுப் பள்ளி வாயிலிலேயே தடுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1894-இல் ஓர் இலவசப் பாடசாலையைத் தொடங்கினார்.

மதமாற்றத்தை நோக்கமாகக் கொள்ளாமல், தமிழ், கணிதம், சிறிது ஆங்கிலம் ஆகியவற்றோடு அன்றாட வாழ்வுக்கு உதவும் பயிற்சியையும் அளிப்பதே அதன் லட்சியம். அமெரிக்காவிலிருந்து வந்த குமாரி பால்மர் போன்றோர் மேற்பார்வை ஏற்றனர்; இத்தகைய பள்ளிகள் ஐந்தாகப் பெருகின; மயிலாப்பூர்ப் பள்ளியொன்று திருவள்ளுவர் திருநாமம் தாங்கியது. தாழ்த்தப்பட்டோரின் விடுதலைக்கு அறிவாயுதம் ஏந்திய அயோத்திதாசப் பண்டிதர், 1898-இல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும் இச்சரித்திரத்தோடு பிணைந்ததே.

1907-இல் ஆல்காட் மறைந்தார். ஆயினும் அவர் பெயர் தாங்கிய பள்ளி பெசன்ட் நகரில் ஏழைக் குழந்தைகளுக்கு இன்றும் கல்வி புகட்டுகிறது. தர்மம் என்பது ஒருநாள் அன்னதானத்தோடு முடிவதன்று, தலைமுறைகளைத் தாங்கும் ஸ்தாபனமாக நிலைபெறுவதே அதன் பூரணம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?