நீலத் தேவாலயத்தின் முற்றம்

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது சிசிமியுட். ஏறத்தாழ 5,500 பேர் வாழும் இந்தத் துறைமுகம், தலைநகர் நூக்குக்கு அடுத்த பெரிய ஊர். இதன் பழைய பகுதிக்குள் நுழைய ஒரு தோரண வாயில் உண்டு. கல்லாலோ மரத்தாலோ ஆனதல்ல. திமிங்கிலத்தின் தாடை எலும்புகளை நிமிர்த்தி நட்டுச் செய்தது. அதைக் கடந்தால் நீல நிறத் தேவாலயம், சிவப்பு நிறப் பழைய வீடு, பழைய கடை என்று டேனிஷ் காலனிக் காலத்து மரக்கட்டடங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. இன்று இவை சிசிமியுட் அருங்காட்சியகத்தின் பகுதிகள்.

வாயிலில் திமிங்கில எலும்பு நிற்பதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியரை இந்தக் கடலுக்கு இழுத்து வந்ததே திமிங்கிலம்தான். அதன் கொழுப்பை உருக்கிய எண்ணெய் ஐரோப்பிய நகரங்களின் விளக்குகளில் எரிந்தது. அதன் வாய்க்குள் தொங்கும் வளையும் தகடுகள் பெண்களின் இறுக்குச் சட்டைகளுக்குள் போயின. இந்த வேட்டையில் டச்சுக்காரர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். 1721-ல் நார்வே நாட்டுப் பாதிரியார் ஹான்ஸ் எகெடே, அப்போது டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட அரசர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவுடன் கிரீன்லாந்துக்கு வந்தார். 1724-ல் சிசிமியுட் அருகிலுள்ள நிப்பிசாட் தீவில் ஒரு வேட்டை நிலையம் எழுந்தது. டச்சுக்காரர்கள் அதைக் கொளுத்திவிட்டார்கள்.

காலனி காலூன்றியது 1756-ல்தான். இப்போதைய ஊருக்கு வடக்கே வேறோர் இடத்தில் தொடங்கி, 1764-ல் இங்கே மாற்றப்பட்டது. ஹோல்ஸ்டைன்ஸ்போர்க் என்று பெயர் வைத்தார்கள். பெயருக்குரியவர் யோகான் லுட்விக் ஹோல்ஸ்டைன் பிரபு. டென்மார்க்கின் அமைச்சர், கோபன்ஹேகனில் இருந்த மிஷன் கல்லூரியின் தலைவர். பெயரில் கல்லூரி என்றாலும் அது பாடம் நடத்திய இடமல்ல. சமயப் பரப்பலை மேற்பார்த்த அரசுக் குழு. 1714-ல் அது அமைக்கப்பட்டதற்கு முதற்காரணம், பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பணி. பனிக்கடலோரத்துக் கிரீன்லாந்தும் காவிரிப்பூம்பட்டினத்துக்குத் தெற்கே கிடந்த தரங்கம்பாடியும் இப்படி ஒரே மேசைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. தரங்கம்பாடியை டேனியர்கள் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கிரீன்லாந்து அவர்களிடமே இருந்தது.

முற்றத்துக் கட்டடங்களைப் புரிந்துகொள்ள ஓர் உண்மை போதும்: இங்கே வீடு கட்டும் மரம் விளைவதில்லை. தூணும் பலகையும் கப்பலில்தான் வரவேண்டும். ஐரோப்பாவில் அளந்து அறுத்துப் பொருத்திப் பார்த்த சட்டங்களை அடையாளமிட்டுக் கழற்றி, கப்பலேற்றி, இங்கே பாறைமேல் மீண்டும் பூட்டுவது வழக்கம். அதனால் ஒரு வீடு பழையதாகிவிட்டது என்று இடித்துத் தள்ளும் எண்ணமே எழவில்லை. 1756-ஆம் ஆண்டைச் சேர்ந்த சிவப்பு வீடு இதற்கு நேர்ச்சாட்சி. காலனி இடம் மாறியபோது அதையும் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். மனிதர்கள் குடிபெயர்ந்தபோது வீடும் கூடவே குடிபெயர்ந்தது. குளிர்ந்த காற்றில் மரம் மெதுவாகவே உளுக்கும் என்பதும் அதன் ஆயுளைக் கூட்டியது.

நீலத் தேவாலயத்தின் பெயர் பெத்தேல். 1775-ல் வழிபாட்டுக்கு வந்த அது, கிரீன்லாந்தில் இன்றும் நிற்கும் தேவாலயங்களில் மிகப் பழையது. கோபுர ஆடம்பரம் இல்லை. செங்குத்தான கூரையும் அளவான உடலும் கொண்ட எளிய கட்டடம். எளிமையே இதன் அழகு. ஊர் பெருகியபின் 1926-ல் பின்னாலிருந்த பாறை மேட்டில் புதிய சிவப்புத் தேவாலயம் கட்டப்பட்டது. பழையதை இடிக்காமல் விட்டது பெரிய நன்மை.

தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே கடை இருப்பது தற்செயலல்ல. மதமும் வணிகமும் ஒரே கப்பலில் வந்தவை. 1774-ல் அரச கிரீன்லாந்து வணிக நிறுவனம் உருவானது. 1776-லிருந்து கிரீன்லாந்து வணிகம் முழுவதும் அதன் தனியுரிமை. வேட்டைக்காரர்கள் கொழுப்பையும் தோலையும் கொடுத்து, வெளியிலிருந்து வந்த சரக்குகளை வாங்கினார்கள். இருபுறமும் விலை சொன்னது நிறுவனமே. கிரீன்லாந்தின் காலனி ஊர்களில் கட்டடங்களின் நிறத்துக்கும் பொருள் இருந்தது: வணிகத்துக்குச் சிவப்பு, மருத்துவமனைக்கு மஞ்சள், காவல்துறைக்குக் கறுப்பு, மீன் ஆலைக்கு நீலம். தெருப்பெயரும் எண்ணும் இல்லாத இடத்தில் நிறமே முகவரியாக இருந்தது.

இந்த முற்றத்தில் டேனியர்கள் கட்டாத கட்டட வகை ஒன்றும் இருக்கிறது. இன்யுட் மக்களின் மண்வீடு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்ககால மாதிரியில் அருங்காட்சியகம் மீண்டும் அமைத்தது. கல்லையும், புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டியையும் அடுக்கிய தடித்த சுவர்கள் இத்தகைய வீடுகளுக்கு. கூரை தாங்கப் பெரும்பாலும் கடலில் மிதந்து கரையொதுங்கிய கட்டைகள். தொலைவிலுள்ள சைபீரிய ஆறுகள் அடித்துவந்தவை அவற்றுள் உண்டு. பலகை வீட்டைவிட வெப்பத்தைக் காப்பதில் மண்சுவர் தேர்ந்தது. இதுவும் இங்கே இல்லாவிட்டால் காலனி வீடுகள் பாதிக் கதையையே சொல்லியிருக்கும். ஊர் மக்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது இத்தகைய சுவர்களுக்குள்தான்.

1953-ல் கிரீன்லாந்தின் காலனி நிலை சட்டப்படி முடிந்து, அது டென்மார்க்கின் ஒரு மாவட்டமானது. 1979-ல் உள்நாட்டுத் தன்னாட்சி வந்தது. ஹோல்ஸ்டைன்ஸ்போர்க் என்ற பெயர் பின்னுக்குப் போய், நரிவளைகளின் அருகே வாழ்வோர் என்று பொருள்படும் சிசிமியுட் முன்னுக்கு வந்தது. டச்சுக்காரர்கள் தீயிட்ட நிப்பிசாட் தீவு, 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமான ஆசிவிசுயிட்-நிப்பிசாட்டின் ஒரு பகுதியாயிற்று. ஊரைச் சுற்றிய அகழாய்வுகளில் கிடைத்த சக்காக் என்ற தொல்பண்பாட்டின் பொருள்கள், சுமார் 4,000 ஆண்டுப் பழையவை, சிசிமியுட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கின்றன.