கூடவே வந்த மொழி

கணினிக்குக் கட்டளை எழுதுவது நிபுணர்களுக்கே உரிய வித்தை, அதற்கான கருவியைச் சாமானியர் கையில் கொடுப்பதால் பிரயோஜனம் இல்லை என்னும் அபிப்பிராயம் நியாயமானதுதானா என்பதைச் சரித்திரத்தைக் கொண்டு தீர்மானிப்பதே உசிதம்.

1964-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் பேசிக் மொழியை இயக்கிக் காட்டியபோது, இலக்கியமும் சரித்திரமும் பயிலும் மாணவர்கள்கூட, நூலகத்துக்குள் நுழைவதுபோல் தடையின்றிக் கணினியை அணுக வேண்டும் என்பதே அவர்களுடைய சங்கற்பமாக இருந்தது.

1977-இல் ஆப்பிள் II முதலிய சிறு கணினிகள் விற்பனைக்கு வந்தபோது, பேசிக் அவற்றின் அழியா நினைவகத்திலேயே பதிந்து வந்தது. பிரிட்டனில் பிபிசி நிறுவனம் மக்களுக்குக் கணினி அறிவு புகட்ட முற்பட்டபோது, அதன்பொருட்டுக் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோவும் அவ்வகையதே. விசையைப் போட்டதும் அது கட்டளைக்குக் காத்து நிற்கும், தனியே வாங்க வேண்டியது எதுவுமில்லை. பத்திரிகைகள் வரிவரியாக அச்சிட்ட நிரல்களைச் சிறுவர்கள் தட்டெழுதி, ஒரு குறி பிசகியதால் ஓடாமற்போன நிரலில் பிழையைத் தேடித் தேடி, யந்திரத்தின் சுபாவத்தைத் தாமே கற்றுக்கொண்டார்கள். 1984-இல் இந்திய அரசாங்கம் பள்ளிகளில் தொடங்கிய கணினிக் கல்வித் திட்டத்திலும் பிபிசி மைக்ரோவே இடம்பெற்றது.

பிற்காலத்தில் ஆயத்த மென்பொருள்கள் பெருகவே, கணினியோடு மொழியும் கூடவே வரும் வழக்கம் அருகியது. 1991-இல் எம்எஸ்-டாஸ் 5 என்னும் இயக்க முறைமையுடன் வந்த, பேசிக்கின் ஒரு வடிவமான கியூபேசிக், 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் இல்லை. பெரும்பாலோர் விளையாட்டுகளை ஏற்றி ஆடியதோடு நின்றார்கள், ஆகையால் நஷ்டம் ஒன்றுமில்லை என்பாரும் உண்டு. அவர்கள் கூற்றின் முற்பாதி உண்மையே. ஆயினும், கணினி விஞ்ஞானம் பயிலக் கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் தொகையும் முன்பயிற்சியும் ஆண்டுதோறும் குன்றி வருவதைக் கண்டு வருந்திய எபன் அப்டன் முதலானோர், மலிவு விலையில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியை 2012-இல் வெளியிட்டு, பைத்தான் மொழியைப் பிள்ளைகளுக்கு எட்டச் செய்ய நேர்ந்ததே அந்த நஷ்டத்துக்குச் சாட்சி.

இன்று எந்த மொழியையும் இலவசமாகப் பெறலாம் என்பது மெய்தான். ஆனால் தேடிப் போகிறவன், தனக்கு வேண்டியது இன்னதென்று முன்பே அறிந்தவன். அதை அறியாதவனுக்கே கண்ணெதிரே இருக்கும் கருவி அவசியம். ஆதலால் கணினியை விற்போரும் பள்ளிகளுக்கு வழங்குவோரும், எளிய மொழி ஒன்றையும் அதை விளக்கும் கையேட்டையும் கூடவே அளிப்பதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.