சிம் போட்ட குச்சியும் சிம் இல்லாத குச்சியும்

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்பத்தூர் ஓ.டி. பக்கமோ, ஆவடி மார்க்கெட்டிலோ, பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ ஒரு ரீசார்ஜ் கடையில் டேட்டா கார்டு கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “சிம் போடுறதா, சிம் இல்லாததா?” கண்ணாடி அலமாரிக்குள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். விரல் நீளப் பிளாஸ்டிக் உறை, மூடியைக் கழற்றினால் யுஎஸ்பி முனை, ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு. பல நேரம் இரண்டையும் செய்தது ஒரே கம்பெனியாகக்கூட இருக்கும். ஹுவாவே, இல்லையென்றால் இசட்டிஇ.

சிம் இல்லாதது சிடிஎம்ஏ வகை. ரிலையன்ஸ் நெட்கனெக்ட், டாடா போட்டான் பிளஸ், எம்டிஎஸ் எம்பிளேஸ் எல்லாம் இந்தக் கட்சி. சிம் போடுவது 3ஜி வகை. 2009 பிப்ரவரியில் சென்னையில் பிஎஸ்என்எல் முதலில் கொண்டுவந்தது. தனியார் கம்பெனிகளுக்கு 2010 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த ஏலத்துக்குப் பிறகுதான் வழி திறந்தது. தமிழ்நாட்டு வட்டத்தில் ஏர்டெல், வோடபோன், ஏர்செல் மூன்றும் ஆளுக்கு ஒரு துண்டு அலைவரிசை வாங்கின. அந்த இடைவெளியில் சிம் இல்லாத குச்சிகள் சென்னையின் மேற்குப் புறநகரில் நன்றாகவே கால் ஊன்றிவிட்டன.

ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் தெருவிலேயே இருந்தது. திருமுல்லைவாயல், பட்டாபிராம், திருநின்றவூர், காட்டுப்பாக்கம், மாங்காடு என்று மனை மனையாக வீடு முளைத்த காலம் அது. தார் ரோடு வருவதற்கு முன்பே கிரகப்பிரவேசம் நடந்துவிடும். தொலைபேசிக் கம்பி அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. கம்பி இருந்த தெருவிலும் வீடு எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப் போகப் போக பிராட்பேண்ட் இளைத்துக்கொண்டே போகும். இன்னொரு பக்கம் ஆவடி – பூந்தமல்லி சாலையிலும் அதன் சுற்றிலும் வரிசையாகப் பொறியியல் கல்லூரிகள். புராஜெக்ட், ஆன்லைன் விண்ணப்பம், வளாகத் தேர்வு என்று மாணவருக்கு இணையம் தேவைப்பட்டது. வாடகை அறைக்குக் கம்பி இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். ஆகவே குச்சி.

குச்சியைக் கணினியில் செருகியதும் இரண்டும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். “நான் மோடம்” என்று சொல்லாது; “நான் ஒரு சிடி டிரைவ்” என்று சொல்லும். மை கம்ப்யூட்டரில் கம்பெனி பெயரோடு ஒரு சிடி தோன்றும், அதற்குள் இருக்கும் நிரல் தானாக ஓடி டிரைவரைப் பதித்துக்கொள்ளும். அதன் பிறகே குச்சி வேடத்தைக் கலைத்து மோடமாக மாறும். தனியாக ஒரு சிடி அச்சடித்துப் பெட்டியில் வைக்கும் செலவையும், அது தொலைந்துபோகும் தொல்லையையும் மிச்சம் பிடித்த தந்திரம். விண்டோஸில் இது சுகம். மாறாமல் சிடியாகவே நின்றுவிட்டால்தான் வில்லங்கம்: விண்டோஸ் அதைச் சிடி என்றே நம்பிக்கொண்டிருக்கும், பயனர் “நெட் வரலை” என்று கடைக்கு ஓடுவார்.

மோடமாக மாறியபின் இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன.

சிடிஎம்ஏ குச்சிக்குள் வாடிக்கையாளரின் எண் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். பிடுங்கி மாற்றக்கூடிய அட்டை அந்தத் தொழில்நுட்பத்திலும் உண்டு, சில மாடல்களில் அதற்கான துளையும் இருந்தது. ஆனாலும் இங்கே விற்ற பல குச்சிகள் எண்ணை உள்ளேயே சுமந்து வந்தன. எந்தக் கோபுரத்தைத் தேட வேண்டும், எதை விட வேண்டும் என்ற பட்டியலும் உள்ளேயே. பயனர் செய்ய வேண்டியது கனெக்ட் பொத்தானை அமுக்குவது ஒன்றுதான். அடியில் நடப்பது பழைய டயல்-அப்: குச்சி #777 என்ற எண்ணைச் சுழற்றும், ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கும். டாடாவுக்கு இரண்டுமே ‘இன்டர்நெட்’. ரிலையன்ஸுக்குக் குச்சியின் பத்து இலக்க எண்ணே பெயர், அதுவே கடவுச்சொல். கம்பெனியின் நிரல் இதையெல்லாம் தானே நிரப்பிக்கொள்வதால் பலருக்கு #777 என்று ஒன்று இருந்ததே தெரியாது.

3ஜி குச்சி அப்படி விட்டுவிடாது. முதலில் சிம், அதுவும் 3ஜி பேக் போட்ட சிம். பிறகு ஏபிஎன். கம்பெனியின் உள்வலையிலிருந்து இணையத்துக்குத் திறக்கும் வாசல் எது என்று சொல்லும் பெயர் அது. பிஎஸ்என்எல் என்றால் ‘பிஎஸ்என்எல்நெட்’, ஏர்டெல் என்றால் ‘ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்’, வோடபோனுக்கு வெறும் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’. ஹுவாவேயின் மொபைல் பார்ட்னர் நிரலில் புரொஃபைல் மேனேஜ்மென்ட் போய், நியூ அமுக்கி, ஏபிஎன்னை ‘ஸ்டேட்டிக்’ என்று வைத்து அந்தப் பெயரைத் தட்ட வேண்டும். அக்சஸ் நம்பர் *99#. பெயர், கடவுச்சொல் கட்டங்கள் பெரும்பாலும் காலி. எழுத்து ஒன்று பிசகினாலும் சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கும், இணைப்பு மட்டும் வராது. இந்த முரண் பலரைக் குழப்பியது. “டவர் ஃபுல்லா இருக்கு, நெட் ஏன் வரலை?” என்ற கேள்விக்குப் பாதி நேரம் ஏபிஎன்தான் பதில்.

*99# என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் முழு வடிவம் *99***1#. கடைசியில் வரும் 1 என்பது குச்சிக்குள் சேமித்த முதலாம் இணைப்பு விவரத்தைக் குறிக்கும். அந்த விவரத்தில்தான் ஏபிஎன் இருக்கிறது. ஆக, 3ஜி குச்சி யாரை அழைக்கிறது என்பதைப் பயனர் எழுதி வைக்கிறார். சிடிஎம்ஏ குச்சியில் கம்பெனி எழுதி வைத்துவிட்டது. இந்த ஒப்பீட்டில் மற்ற வித்தியாசங்களெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை என்றே எனக்குப் படுகிறது.

விண்டோஸைத் தாண்டினால் படம் மாறும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அப்போது அந்த மாவட்டத்தோடுதான் இருந்தன. ஆரம்பத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அரசு கணினி கொடுத்தது, இணையம் கொடுக்கவில்லை. அண்ணனின் டேட்டா கார்டை இரவல் வாங்கி லினக்ஸில் செருகிய பிளஸ் டூ பையனுக்குக் கிடைத்தது ஒரு சிடி டிரைவ் மட்டுமே. அதற்குள் இருந்ததோ விண்டோஸ் நிரல்.

அங்கே வேடத்தைக் கலைக்க யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல் வேண்டும். குச்சியின் அடையாள எண்ணைப் பார்த்து, அதற்கு ஏற்ற கட்டளையை அனுப்பி, “போதும், மோடமாக மாறு” என்று சொல்வதே அதன் வேலை. இசட்டிஇ குச்சிகள் சிலவற்றில் அந்தப் பொய்ச் சிடியை ‘இஜெக்ட்’ செய்தாலே மாறிவிடும். மாறியபின் நெட்வொர்க் மேனேஜரில் மொபைல் பிராட்பேண்ட் இணைப்பு உருவாக்கினால், இந்தியா என்றும் கம்பெனி பெயரும் தேர்ந்தெடுத்ததும் 3ஜிக்கான ஏபிஎன்னை அதுவே போட்டுக்கொள்ளும். 3ஜி இங்கே வெகு சுலபம். சிடிஎம்ஏ இங்கேதான் திணறும். விண்டோஸ் நிரல் மறைத்து வைத்திருந்த #777, பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் இப்போது பயனர் கண்டுபிடித்துத் தானே போட வேண்டும். எம்டிஎஸ் பயனர் ‘இன்டர்நெட்@இன்டர்நெட்.எம்டிஎஸ்இந்தியா.இன்’ என்ற நீளப் பெயரைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டியிருந்தது. விண்டோஸில் முதல் வகுப்பில் போனது, லினக்ஸில் டிக்கெட் இல்லாமல் நின்றது.

சிக்னல் விஷயத்தில் சிடிஎம்ஏவுக்குத்தான் கை தட்ட வேண்டும். அது ஓடியது 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், 3ஜி 2100-இல். தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். தொழிற்பேட்டை ஒட்டிய சந்துகளில் இரண்டு மாடி காங்கிரீட் வீட்டின் நடு அறையில் உட்கார்ந்துகொண்டு 3ஜி குச்சியைச் செருகினால், ஹுவாவே குச்சியின் நீல விளக்கு பச்சையாக மாறும். நீலம் என்றால் 3ஜி, பச்சை என்றால் 2ஜி. பச்சை வந்தபின் ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். ஆகவே ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, குச்சியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவது அந்நாளைய வழக்கம். அந்தக் கேபிளிலும் ஒரு சிக்கல்: யுஎஸ்பி 2.0 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர்தான். சிக்னல் பலவீனமானால் குச்சி அதிகம் உழைக்கும், அதிகம் இழுக்கும். நீளமான மலிவுக் கேபிள், பழைய டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளை இரண்டும் சேர்ந்தால் குச்சி நடுவில் செத்துச் செத்துப் பிழைக்கும். பின்பக்கத் துளைக்கு மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

வேகம் பெட்டியில் ஒன்று, வீட்டில் ஒன்று. சிடிஎம்ஏ குச்சியின் பெட்டியில் 3.1 எம்பிபிஎஸ், 3ஜி பெட்டியில் 3.6 அல்லது 7.2 என்று அச்சிட்டிருக்கும். எண்ணைப் பார்த்தால் 3ஜிதான் முன்னால். ஆனால் சிடிஎம்ஏ கம்பெனிகள் 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதையை டேட்டாவுக்கென்றே ஒதுக்கியிருந்தன. பேச்சு வேறு பாதையில் போகும். 3ஜியில் ஏலம் எடுத்த கம்பெனிக்குக் கிடைத்ததே ஒரு திசைக்கு 5 மெகாஹெர்ட்ஸ். பேச்சும் டேட்டாவும் அந்த ஒரே பாதையில்தான். ஒரு கோபுரத்தின் ஒரு முகத்தில் எத்தனை பேர் இருந்தாலும் அதைத்தான் பகிர வேண்டும். விடுதிகள் நிறைந்த தெருவில் இரவு பத்து மணிக்கு இந்தக் கணக்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கோபுரத்துக்குப் பக்கத்தில் ஆள் குறைவான பகல் நேரமென்றால் 3ஜி பறக்கும். மற்ற நேரங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நடைதான். கீழே விழும்போது மட்டும் வித்தியாசம் தெரியும்: சிடிஎம்ஏ விழுந்தால் நொடிக்கு 153 கிலோபிட் வரை தாங்கும் 1எக்ஸில் நிற்கும், 3ஜி விழுந்தால் 2ஜியின் எட்ஜில்.

இவ்வளவு பார்த்தால் சிம் இல்லாத குச்சியே நல்லது என்று முடிவுக்கு வரத் தோன்றும். செருகு, அமுக்கு, வேலை முடிந்தது, உள்ளறையிலும் வரும். ஆனால் அடையாளம் குச்சிக்குள் இருப்பதன் விலை பின்னால்தான் தெரிந்தது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தது. அவற்றில் எம்டிஎஸ்ஸை நடத்திய சிஸ்டெமா ஷியாமின் 21 உரிமங்களும் அடக்கம். 2013 மார்ச்சில் அந்தக் கம்பெனி தமிழ்நாடு உட்பட எட்டு வட்டங்களுக்கு மீண்டும் அலைக்கற்றை எடுத்ததால் எம்பிளேஸ் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். நடுவில் இருந்த ஓராண்டில் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. எம்டிஎஸ் குச்சியை டாடாவிடம் கொண்டுபோனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குச்சியும் கணக்கும் கம்பெனியும் மூன்று முடிச்சாகச் சேர்ந்தே இருந்தன.

3ஜி குச்சியிலும் பூட்டு உண்டு. தனியார் கம்பெனிகள் தங்கள் சிம் தவிர வேறெதையும் ஏற்காதபடி அடைத்துத்தான் விற்றன. ஆனால் அந்தப் பூட்டு மென்பொருளில் இருந்தது, அலைவரிசையில் இல்லை. பழைய ஹுவாவே மாடல்களுக்குக் குச்சியின் ஐஎம்இஐ எண்ணிலிருந்து கணக்குப் போட்டு எட்டு இலக்கத் திறவுகோல் எடுத்துவிடலாம். பத்து முறை தவறாகப் போட்டால் மட்டும் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். திறந்தபின் எந்த சிம்மையும் போட்டு, ஏபிஎன்னை மாற்றி எழுதினால் போதும். ஆரம்பத்தில் எரிச்சலூட்டிய அதே கட்டம், பிறகு கம்பெனி மாறும் உரிமையாக நின்றது. இன்று யாராவது கேட்டால், அன்றைக்குச் சுகமாக இருந்தது போட்டான், வாங்கியிருக்க வேண்டியது பிஎஸ்என்எல் 3ஜி என்பதே என் தீர்ப்பு.

முடிவு இரண்டுக்கும் வந்தது, சிடிஎம்ஏவுக்கு முதலில். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2016-இல் சிடிஎம்ஏவைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு எம்டிஎஸ் அதோடு இணைந்தது. டாடாவின் கைபேசிச் சேவை 2019-இல் ஏர்டெல்லுக்குள் போனது. வேடிக்கை என்னவென்றால், நெட்கனெக்ட் ஓடிய அதே பட்டை ஜியோவின் 4ஜிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று குச்சியை நடு அறையில் வாழவைத்த அலைநீளம்தான் பிறகு அதே அறையில் கைபேசிக்கும் உதவியது. 3ஜி பக்கம் ஏர்செல் 2018-இல் திவால் மனு போட்டது, ஏர்டெல் 2020-இல் 3ஜியை மூடியது. அதற்குள் ஜியோவின் வைஃபை பெட்டியான ஜியோஃபை வந்து டிரைவர் பதிக்கும் வேலையையே ஒழித்திருந்தது: சிம்மைப் போடு, பேட்டரியைச் சொருகு, பெயரையும் கடவுச்சொல்லையும் ஸ்டிக்கரில் பார்த்துக் கணினியில் அடி. பிறகு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டே போதும் என்றாகிவிட்டது.

பழைய 3ஜி குச்சி இன்றும் முழுக்கச் செத்துவிடவில்லை. பூட்டுத் திறந்த ஒன்றில் 2ஜி கிடைக்கும் சிம்மைப் போட்டு, காமு போன்ற நிரலோடு இணைத்தால், கணினியிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பும் பெட்டியாகிவிடும். பட்டறையில் இயந்திரம் நின்றால் சூப்பர்வைசருக்குத் தகவல் போக அது ஒன்று போதும். சிடிஎம்ஏ குச்சியைச் செருகினால் அது இன்றும் சிடி டிரைவாகத் தோன்றும், நிரலைப் பதிக்கும், கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். மெமரி கார்டு துளை வைத்த மாடலாக இருந்தால், அந்தத் துளை மட்டும் வேலை செய்யும்.