காத்திருந்த 186 கிராமங்கள்

1997இல் மெக்சிகோவின் ஏழைக் கிராமங்களில் ப்ரோக்ரெசா என்றொரு திட்டம் வந்தது. பிள்ளையை ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பினால் அரசு பணம் தரும். அதுவும் அம்மாவின் கைக்கு. மூன்றாம் வகுப்பில் தொடங்கி ஒன்பதாம் வகுப்புவரை, மேலே போகப்போகத் தொகை கூடும். ஏழாம் வகுப்பிலிருந்து பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம்.

எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கக் காசில்லை. ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் குலுக்கல் முறையில் 320க்கு முதலில் கிடைத்தது. மிச்சம் 186 கிராமங்கள் காத்திருந்தன. வேறு ஊரில் ஒரு அம்மா காசு வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டால் எப்படி இருந்திருக்கும்? ஆய்வு அறிக்கைகளில் அவர்களுக்கு 'ஒப்பீட்டுக் குழு' என்று பேர், அவ்வளவுதான்.

பெட்ரா டாட், கென்னத் வோல்பின் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். உதவித்தொகை கிடைக்காத குடும்பங்களின் தரவை மட்டும் வைத்து, கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணித்தார்கள். வாங்காத காசின் விளைவை எப்படிங்க கணிப்பது?

கூலிதான் வழி. பையன் கூலிக்குப் போனா வீட்டுக்கு எவ்வளவு வரும்? அவனைப் பள்ளிக்கு அனுப்பினால் வீடு இழப்பது அதைத்தான்; படிப்பின் விலையே அதுதான். கூலி இடத்துக்கு இடம் மாறும். கூலி உயர்ந்தால் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விடுகிறார்கள் என்று தெரிந்தால், உதவித்தொகை அந்த விலையைக் குறைக்கும்போது எத்தனை பேர் தங்குவார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் இது ஒரு வருடக் கணக்கில்லை. இன்று ஆறாம் வகுப்போடு நிறுத்தினால் நாளை ஒன்பதாம் வகுப்பு கிடையாது. பெற்றோர் ஒவ்வொரு ஆண்டும் வரப்போகும் ஆண்டுகளையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள் என்று மாதிரி எடுத்துக்கொண்டது. கொள்கை மாறினால் மக்களின் முடிவும் மாறும், பழைய போக்கை அப்படியே நீட்டிப் பார்க்காதீர்கள் என்று 1976இல் ராபர்ட் லூகாஸ் எச்சரித்ததற்கு இது ஒரு பதில்.

பிறகு 320 கிராமங்களில் உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டார்கள். கணிப்பு பெரும்பாலும் நெருங்கி வந்தது. 2006இல் வெளியான அந்தக் கட்டுரை இன்னொன்றும் சொன்னது: கீழ் வகுப்புகளுக்கான பணத்தை எடுத்து மேல் வகுப்புகளுக்குக் கொடுத்தால், கிட்டத்தட்ட அதே செலவில் பிள்ளைகள் இன்னும் அதிகம் படிப்பார்கள். காரணம் எளிது. தொடக்கப் பள்ளிக்குப் பெரும்பாலான பிள்ளைகள் எப்படியும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆறாம் வகுப்பு முடிந்ததும்தான் உதிர்ந்தார்கள். குலுக்கல் சோதனையால் இதைச் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் அப்படியொரு திட்டத்தை எந்த ஊரிலும் கொடுத்துப் பார்க்கவில்லை.

கணக்கு சரிதான். ஆனால் அந்த மாற்றம் படித்த ஆண்டுகளை எண்ணியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா அந்தக் காசில் அடுப்பெரித்திருப்பாள் என்பது அந்த எண்ணிக்கையில் வராது. கட்டுரை வருவதற்கு முன்பே, 2001இல், உதவித்தொகை ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியும் நீண்டிருந்தது. மூன்றாம் வகுப்புக்கான பணத்தை அப்போது யாரும் நிறுத்தவில்லை.