பாண்டம் பேசும் மொழி



ஏட்டிலும் நாவிலும் வாழும் இலக்கியத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். குடத்திலும் குவளையிலும் எழுதி வைத்தது நம் கணக்கில் சேர்வதில்லை. இன்று அதைச் சற்றுப் பார்ப்போம். பேச்சு ஜேர்மனியரின் பியர்க் குவளையில் தொடங்குகிறது. பானம் நமக்கு விலக்கப்பட்டது. பாண்டத்தைப் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை.

ஜேர்மன் மொழியில் 'ஷ்டைன்' என்றால் கல். கல்லைப் போல இறுகச் சுட்ட மண்ணால் ஆனது என்பதால் அந்தக் குவளைக்கு அப்பெயர் வந்தது. பெருவிரலால் அமுக்கினால் திறக்கும் வெள்ளீய மூடி ஒன்று தலையில் இருக்கும். வெஸ்டர்வால்ட் மலைநாட்டுக் குயவர்கள் சூளை உச்சச் சூட்டில் எரியும்போது உப்பை அள்ளி உள்ளே வீசுவார்கள். உப்பின் ஆவி மண்ணோடு கலந்து கண்ணாடி போலப் படிந்துவிடும். சாம்பல் நிறத்தில் நீலக் கோலம் தீட்டிய குவளைகள் அவர்களுடையவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெட்லாக் என்னும் ஊரில் பழைய துறவிமடமொன்றில் இயங்கிய தொழிற்சாலை வண்ணச் சித்திரக் குவளைகளைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. வேட்டைக்காரர், கைகோத்து ஆடும் குடியானவர், பாடும் மாணவர், குறும்பு செய்யும் குள்ளர் என்று கிராமமே அவற்றில் சுற்றி வரும்.

சித்திரத்தின் கீழே ஒரு வரி இருக்கும். வீட்டு நினைவைவிடத் தாகம் கொடியது என்கிறது ஒன்று. பியருக்கு வேண்டிய பூவையும் முளைத்த தானியத்தையும் கடவுள் காக்கட்டும் என்கிறது இன்னொன்று. கேலி போலத் தோன்றினாலும் அது உழவனின் வேண்டுதல்தான். நம் களத்து மேட்டில் 'பொலியோ பொலி' என்று கூவியவர்களுக்கு அது அந்நியமாகப் படாது.

பட்டாளத்தில் சேவை முடித்து வீடு திரும்பும் இளைஞர்களும் தங்களுக்கெனக் குவளை செய்வித்தார்கள். சொந்தக்காரனின் பெயர், படைப்பிரிவு, கூட இருந்த தோழர்களின் பெயர் வரிசை எல்லாம் அதில் இருக்கும். சிலவற்றின் அடிப்புறம் மெல்லிய பீங்கானால் ஆனது. குடித்து முடித்து வெளிச்சத்தில் உயர்த்தினால் அங்கே ஒரு பெண்ணின் முகமோ பிரியாவிடைக் காட்சியோ தெரியும். 1914இல் போர் மூண்டது. அந்தப் பெயர் வரிசையில் எத்தனை பேர் மீண்டார்களோ! வேடிக்கைக்கு எழுதிய பட்டியல் நடுகல் ஆகிவிட்டது.

இந்தக் குவளைக்கு மூத்த உறவொன்று உண்டு. கொலோன் நகரையடுத்த பிரெஷன் என்ற இடத்தில் செய்த, கழுத்தில் தாடிக்காரன் முகம் பதித்த சாடி அது. மதுவிரோதியென்று பெயரெடுத்த கர்தினால் பெலார்மினின் முகம் என்று கேலிக்காரர்கள் கதை கட்டினார்கள். அவர் பெயர் பெறுமுன்பே அந்த முகம் இருந்தது. அதனால் கேலி குறையவில்லை. இங்கிலாந்தில் அதே சாடிக்குள் ஊசியும் ஆணியும் சிறுநீரும் இட்டு, செய்வினைக்கு மாற்றாக அடுப்படியில் புதைத்தார்கள். நம்மூர்த் தகடு புதைத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தக் கப்பல்கள் இச்சாடிகளைக் கீழைக்கடலுக்கு ஏற்றி வந்தன. 1629இல் மேற்கு அவுஸ்திரேலியக் கரையில் உடைந்த பட்டாவியா கப்பலிலிருந்து அவை எடுக்கப்பட்டிருக்கின்றன. திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தது 1639இல். 1660இல் ரொபேர்ட் நொக்ஸ் சிறைப்பட்டது நமது கொட்டியாரக் குடாக் கரையில். தாடிக்காரனும் இந்த மணலை மிதித்திருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர் பாண்டத்தில் என்ன எழுதினார்கள்? பெரும்பாலும் பெயர். எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குசைர் அல்-கதீமில் கிடைத்த தமிழ்ப் பிராமி ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் உள்ளன. அங்கேயே கிடைத்த இன்னோர் ஓட்டில் 'பானை ஒறி' என்றிருப்பதாக ஐராவதம் மகாதேவன் வாசித்தார். உறியில் தொங்கும் பானைக்கு உறிப்பானை என்று எழுதிவைத்த அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்திருக்காதா! திஸ்ஸமகாராமையில் தமிழ் எழுத்துப் பொறித்த ஓட்டை அகழ்ந்தெடுத்தவர்கள் ஜேர்மன் ஆய்வாளர்கள். அதன் வாசிப்பில் அறிஞரிடையே இன்னும் பிணக்கு உண்டு.

நகைச்சுவையை நாம் பாண்டத்தில் வெட்டவில்லை. அதைக் கவியாகப் பாடினோம். வெட்டியது பெயரை மட்டும். எங்கள் உம்மம்மாவின் பித்தளை வெற்றிலை வட்டாவின் விளிம்பில் அவவின் பெயரும் கலியாண ஆண்டும் இருந்தன. எழுத்தறியாத அவ அந்த இடத்தை விரலால் தடவி, "இது நான்" என்பா. 2006 ஆகஸ்டில் மூதூர்ப் பகுதி மக்கள் கந்தளாய்க்கு ஓடியபோது பாண்டம் எடுக்க யாருக்கு நேரம்? திரும்பி வந்தபோது படிக்கம் மட்டும் கிடந்தது. அதில் எழுத்து இல்லை.

உங்கள் வீட்டில் பெயர் வெட்டிய செம்போ வட்டாவோ இருந்தால், பழைய பித்தளை வாங்குபவரிடம் நிறுக்கக் கொடுக்குமுன் அந்த எழுத்தை ஒரு கொப்பியில் பார்த்து எழுதி வையுங்கள்.