பட்டுப்பையில் ஊறிய பாசி

நான்காம் நூற்றாண்டுச் சீனாவில் கே ஹொங் என்றொரு ரசவாதி இருந்தார். சாகாவரம் தரும் மாத்திரையைத் தேடி வாழ்நாளெல்லாம் அடுப்பூதியவர். மாத்திரை கைகூடவில்லை. ஆனால், அவசரத்துக்கு உதவட்டும் என்று அவர் தொகுத்த சிறிய கைமருந்து நூல் நிலைத்துவிட்டது. (மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் மருந்துக்கு து யூயூ துப்புக் கண்டுபிடித்ததும் இதே நூலில்தான்; அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.) கழுத்தில் பைபோல வீங்கிப் பெருத்துவரும் கழலைக்கும் அதில் ஒரு குறிப்பு உண்டு. கடற்பாசியை உப்புப் போகக் கழுவி, பட்டுப்பையில் கட்டி, தெளிந்த மதுவில் இரண்டு நாள் ஊறவைத்து, அந்த மதுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வேண்டும். பின்னால் வந்த சீன வைத்தியர்களும் கழலைக்குப் பாசியையே நாடினார்கள். பாசிக்குள் இருந்த மர்மம் என்னவென்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

1811இல் அது தானாகவே வெளியே வந்தது. நெப்போலியனின் போர்களுக்கு வெடியுப்பு தேவைப்பட்ட காலம். பாரிஸில் வெடியுப்புத் தொழில் செய்த பெர்னார் கூர்துவா, கடற்பாசிச் சாம்பலைப் பயன்படுத்திவந்தார். ஒருநாள் கந்தக அமிலம் அளவுக்கு மீறி விழுந்துவிட்டது. குபுகுபுவென ஊதா நிற ஆவி எழுந்தது. குளிர்ந்த இடத்தில் பட்டதும் கருநிறப் படிகமாக மினுங்கியது. அயோடின்! அதை ஆராயக் கூர்துவாவிடம் காசில்லை. பொருளை மற்றவர்களிடம் கொடுத்தார். 1838இல் வறுமையில் இறந்தார். அவர் கண்டது எதற்கு உதவும் என்பதை ஊகித்தவர் வேறொருவர்.

ஜெனீவா மருத்துவர் கொயிந்தே. ஐரோப்பாவில் கழலைக்குக் கடற்பஞ்சைச் சுட்டுக் கொடுப்பது பழைய வழக்கம். பஞ்சிலும் பாசியிலும் வேலை செய்வது அயோடின்தானோ என்று அவருக்குத் தோன்றியது. 1820இல் கொடுத்துப் பார்த்தார்; கழலைகள் சுருங்கின. ஊரே கொண்டாடியது. அங்கேதான் வினை தொடங்கியது. ஆளாளுக்கு வாங்கிக் குடித்ததில் பலருக்கு உடல் மெலிந்தது, கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. கல்லெறிக்குப் பயந்து கொயிந்தே தெருவில் நடக்கவே தயங்கினார் என்று ஒரு பேச்சு உண்டு. மருந்து விஷமாகப் பெயரெடுத்தது.

1895இல் ஜெர்மானியர் பாவ்மன், கழலையாக வீங்கும் தைராய்டு சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டார். எனக்கென்னவோ கதையின் உண்மையான திருப்பம் அதற்குப் பிறகுதான் என்று படுகிறது. அமெரிக்காவில் டேவிட் மரைன், கழலை வராமல் தடுக்கப் பள்ளி மாணவிகளுக்குச் சிறிதளவு அயோடின் கொடுக்க விரும்பினார். கிளீவ்லாந்தில் கதவு சாத்தப்பட்டது. 1917இல் ஓஹியோ மாநிலத்தின் அக்ரன் நகரம் சம்மதித்தது. அயோடின் உட்கொண்ட 2,190 பேரில் கழலை வந்தது 5 பேருக்கு. உட்கொள்ளாத 2,305 பேரில் 495 பேருக்கு. கைமருந்துக் குறிப்பாகத் தொடங்கிய சங்கதிக்குக் கடைசியில் ஒரு கணக்கு கிடைத்தது. ஆனால் ஊர் மொத்தத்துக்கும் தினந்தோறும் யார் மருந்து ஊட்டுவது?

விடையைச் சுவிட்சர்லாந்து மலைகளில் ஒட்டோ பாயார்ட் என்ற மருத்துவர் சோதித்துக்கொண்டிருந்தார். கிரேகன் என்ற சிற்றூரின் சில குடும்பங்களுக்கு, ஏழையும் பணக்காரரும் ஏறக்குறைய ஒரே அளவில் தின்னும் ஒரு பொருளில் துளி அயோடின் கலந்து 1918இல் கொடுத்தார். கே ஹொங் பாசியிலிருந்து கழுவிக் களையச் சொன்ன அதே பொருள்: உப்பு. 1922இல் சுவிட்சர்லாந்திலும் 1924இல் அமெரிக்காவின் மிச்சிகனிலும் அயோடின் கலந்த உப்பு கடைக்கு வந்தது.

பாசி மதுவுக்கு இதனால் முழுச் சான்றிதழ் கிடைத்துவிடவில்லை. அயோடின் குறைவால் வரும் கழலைக்கே அது பொருந்தும். காசநோயாலோ புற்றுநோயாலோ கழுத்தில் வரும் கட்டிக்கு உதவாது. ஒவ்வொரு பாசியிலும் அயோடின் ஒவ்வொரு அளவு. மிகுந்தாலும் தைராய்டு வீங்கும்.

இந்தியாவில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956இல் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வும் உப்பின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 2006 முதல், நேரடியாக உண்பதற்கு அயோடின் கலக்காத உப்பை விற்க நாடு முழுவதும் தடை இருக்கிறது. வாங்குபவர் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.