கூலி குறைந்தால் துணி மலிவாகுமா?

முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் பம்பாய் ஆலைத் தொழிலாளியின் கூலி, லங்காஷயர் தொழிலாளி பெற்றதில் ஒரு சிறு பங்கே. இயந்திரங்களில் பெரிய வேறுபாடு இல்லை; ஓல்டாம் நகரின் பிளாட் பிரதர்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்தவையே பம்பாய்க்கும் கப்பலேறின. ஆயினும் 1914 வரை இந்தியர் உடுத்திய ஆலைத்துணியில் பெரும்பகுதி லங்காஷயரிலிருந்தே வந்தது. ஏன்?

பொருளியல் வரலாற்றாளர் கிரகோரி கிளார்க் 1987இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு கணக்கை முன்வைத்தது. 1910இல் நியூ இங்கிலாந்தில் ஒருவர் செய்த வேலைக்கு பிரிட்டனில் 1.5 பேரும், ஜெர்மனியில் 2.3 பேரும், இந்தியா, சீனா, ஜப்பான், கிரேக்கம் ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 6 பேரும் தேவைப்பட்டனர். கூலியில் மிஞ்சியது ஆள் எண்ணிக்கையில் கரைந்தது. இயந்திரம், மூலப்பொருள், நிர்வாகம் எதுவும் இதை விளக்கவில்லை, தொழிலாளர் வளர்ந்த சூழலின் பண்பாடே காரணம் என்ற முடிவை நோக்கி அவர் சென்றார்.

கணக்கை ஏற்கலாம், முடிவை ஏற்பது கடினம். ஒரு நெசவாளி எத்தனை தறிகளைப் பார்ப்பது என்பதை அவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. மலிவான குட்டையிழைப் பருத்தியில் நூற்ற நூல் அடிக்கடி அறும். அதை முடிந்துகொண்டே இருக்க ஆள் வேண்டும். பம்பாய் ஆலைகள் சந்தையின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப அன்றாடம் பதிலித் தொழிலாளரைக் கூட்டியும் குறைத்தும் நடந்தன என்பதை ராஜ்நாராயண் சந்தாவர்க்கரின் ஆய்வு காட்டுகிறது. ஆள் மலிவாகக் கிடைக்கும்போது இயந்திரத்தில் முதலிட முதலாளிக்கு அவசரம் இல்லை. அதாவது, குறைந்த கூலி குறைந்த உற்பத்தித்திறனின் விளைவு மட்டுமன்று. ஓரளவு அதன் காரணமும்கூட.

இரண்டு தறிகளைப் பார்த்த நெசவாளியிடம் மூன்று தறிகளை ஒப்படைக்கும் திட்டம் வந்தபோது, 1928இல் சுமார் 1.5 லட்சம் தொழிலாளர் ஏறத்தாழ ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். அதைச் சோம்பல் என்று வாசிக்க இயலாது. மூன்றாவது தறியால் வேலை இழப்பவர் யார், கூடுதல் வருவாயில் தமக்கு எவ்வளவு என்பவையே அவர்களது கேள்விகள்.

ஜப்பானின் கதை இதை மேலும் தெளிவாக்குகிறது. 1910இல் இந்தியாவோடு ஒரே வரிசையில் நின்ற அந்நாடு, 1933இல் பருத்தித்துணி ஏற்றுமதியில் பிரிட்டனையே முந்தியது. இருபத்துமூன்று ஆண்டுகளில் ஒரு மக்களின் இயல்பு மாறிவிடாது. பருத்திக் கலவை, இயந்திரம், நிர்வாகம் ஆகியவை மாறின. அதற்கான விலையை ஆலை விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்கள் கொடுத்தனர். அவர்களது இரவுப்பணி 1929இல்தான் முடிவுக்கு வந்தது.

இன்றும் வங்கதேசம், வியட்நாம், இந்தியா ஆகியவற்றின் ஆடைத்தொழில் கூலியை டாலரில் ஒரே பட்டியலாக அடுக்குகிறோம். ஆய்வு மாணவர்கள் அத்தகைய பட்டியலின் அருகில் இன்னும் சில பத்திகளைச் சேர்க்க வேண்டும்: ஒருவருக்கு எத்தனை இயந்திரம், எத்தனை மணி நேரம், நிரந்தர வேலையா ஒப்பந்தமா, அந்த ஏற்பாட்டைத் தீர்மானித்தவர் யார். இவை இல்லாத ஒப்பீடு, முதலாளியின் தேர்வைத் தொழிலாளியின் குறையாக எழுதிவிடும்.